எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட

அரசாங்கப் படிவம் ஒன்றில் நான் பொய் எழுதினேன். "இல்லை" என்ற ஒரே சொல்தான். அதை எழுதும்போது நாற்றம் தாங்காமல் மூக்கைக் கைக்குட்டையால் கட்டியிருந்தேன்.

அது வீட்டுமனைக்கு ஒதுக்கப்படும் இடம் குடியிருக்கத் தகுந்ததா என்று சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்து எழுத வேண்டிய படிவம். அதில் ஏழாவது கேள்வி இது: இந்த இடத்திலிருந்து இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல் தூரத்துக்குள் தோல் பதனிடுதல், எலும்பு சேர்த்தல் போன்ற, கழிவும் நாற்றமும் உண்டாக்கும் தொழில் ஏதேனும் நடக்கிறதா? நடந்தது. நான் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு தோல் ஷாப்பு இருந்தது. வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள். அவற்றில் மாட்டுத் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. குழிகளின் கழிவு ஒரு வாய்க்கால் வழியாக ஓடையில் விழுவதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்தது எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். என் மடியில் விரித்திருந்த புலப்படத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். ஓடைகூட அந்தக் கோட்டிலேயே பிறப்பதுபோல் வரையப்பட்டிருந்தது. மைசூரில் இருப்பதைப் பற்றிச் சென்னை சர்க்காரின் இன்ஸ்பெக்டர் எழுத வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லஞ்சம் வாங்கவில்லை. யாரும் மிரட்டவுமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மிரட்டப்பட்டிருந்தால் இன்று ஒதுங்கி நிற்க ஒரு நிழலாவது கிடைத்திருக்கும். நான் படித்தவன். கேள்வியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன். அந்தத் திறமையில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது எனக்கு.

இதை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், "துறையைச் சந்திக்கு இழுக்காதே" என்று சொல்லி அனுப்பினார். இழுக்கத்தான் போகிறேன். எனக்கு இனி இடமாற்றம் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். என் வட்டத்தில், சைக்கிளில் அரை மணி நேரத் தூரத்தில், எல்லையோரமாக ஓர் ஊர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே பேச்சில் கலந்து பேசுவார்கள். அங்கே சுமார் இருபது கூலிக் குடும்பங்கள் சொந்த மனை இல்லாமல் நிலக்காரர்களின் களத்து ஓரங்களில் குடிசை போட்டிருந்தன. களம் வேண்டுமென்றால் குடிசையைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கு இலவச மனை தர சர்க்கார் உத்தரவு வந்தது. இரண்டு இடங்கள் இருந்தன. ஊருக்குத் தெற்கே மேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு. வடக்கே எல்லைக்கல்லை ஒட்டி ஓடைப் பள்ளம். இரண்டில் எது என்று சொல்லும் கேள்வி என் படிவத்தில் வந்து நின்றது.

ஊர் மணியக்காரர் எனக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார். நல்ல பேச்சுக்காரர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"மேட்டுல அவங்கள வெச்சா, அவங்க பொழங்கற தண்ணியெல்லாம் சரிவுல எறங்கி நம்ம ஏரிக்குத்தான வரும்? சுகாதாரத்துக்குக் கெடுதல்னு நீங்களே எழுதிடுங்க."

"ஒரு வாய்க்கால் வெட்டினா தண்ணிய திருப்பிடலாமே" என்றேன்.

"திருப்பலாம். ஆனா எதுக்கு? இங்க பாருங்க இன்ஸ்பெக்டரே, மேடு வேணாம்னு நான் சொன்னா சாதிம்பாங்க. நீங்க சொன்னா சுகாதாரம்."

சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. என் துறையை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

பள்ளத்தைப் பார்க்கப் போனோம். பங்குனி மாதம். தரை வெடித்துக் காய்ந்திருந்தது. மனை கிடைக்கப் போகும் குடும்பங்களில் சிலர் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பண்ணையில் மாட்டுக்கொட்டகை கூட்டும் வேலை அவளுக்கு. தலையில் புல்கட்டை இறக்காமலேயே பேசினாள்.

"சாமி, இந்தப் பள்ளத்துல யாரும் பட்டி போட மாட்டாங்க."

அறுவடை முடிந்ததும் ஆட்டுக்காரர்கள் மந்தையோடு வருவார்கள். நிலக்காரர்கள் எருவுக்காகத் தங்கள் நிலத்தில் சில நாள் ஆடுகளை அடைத்து வைக்கச் சொல்வார்கள். அதுதான் பட்டி. எருவுக்கு அத்தனை போட்டி இருந்தும் அந்தப் பள்ளத்தில் மட்டும் எந்த ஆட்டுக்காரனும் ஒப்புக்கொள்வதில்லையாம்.

"மேல பாத்தா காஞ்சிருக்குது. அடியில ஊறல். மூணாம் நாளு ஆடு நொண்டும். குளம்பு அழுவிப் போவும் சாமி."

"மனுசனுக்குத்தான் குளம்பு இல்லையேம்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மணியக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இல்லதான் சாமி. ஆட்டுக்கு ஒத்துக்கலன்னா வேற எடத்துக்கு ஓட்டிக்கினு போவாங்க. எங்கள யாரு ஓட்டிக்கினு போவாங்க?"

நான் எல்லைக்கல்லில் போய் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்தேன்.

கோடைக்குள் மண்சுவர் எழுந்து புல்கூரை ஏறியது. அந்தப் பெண்ணின் கணவன் கிணறு வெட்டுகிறவன். காலனிக்கான கிணற்றை அவனே முன்னின்று வெட்டினான். தண்ணீர் ஊறிய அன்று நான் அந்தப் பக்கம் போனபோது ஓடி வந்து சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான்.

"சர்க்கார் மருந்து போடுங்க சாமி. அப்பத்தான் இது சர்க்கார் கெணறு."

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். அவன் குனிந்து அந்த வாடையை இழுத்து மோந்தான். அதற்குப்பின் யார் வந்தாலும், "இன்ஸ்பெக்டர் மருந்து போட்ட தண்ணி" என்று சொல்லிக் குடிக்கக் கொடுப்பானாம். நான் போட்ட கையெழுத்தை அவன் என்னைவிட அதிகமாக நம்பினான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எல்லைக்கு அப்பால் சுண்ணாம்புக் குழிகள் நிரம்பி வழிந்தன. ஓடை பள்ளத்தில் பரவியது. கிணற்றுத் தண்ணீர் வெள்ளை பாரித்தது. முதலில் கால் விரல் இடுக்கில் புண். பிறகு வயிற்றுப்போக்கு. கிணறு வெட்டியவன் இரண்டே நாளில் இறந்தான். ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கட்டிய வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அது காலராவா, கழிவுநீரா, வேறு ஏதாவதா என்று எந்த டாக்டரும் அவன் உடலைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு டாக்டர் தேவைப்படவும் இல்லை.

காலரா ஊசி போடச் சொல்லி எனக்கு அவசர உத்தரவு வந்தது. பியூன் ஒருவரோடு ஸ்பிரிட் விளக்கும் ஊசிப் பெட்டியுமாகப் போனேன். சேற்றில் சைக்கிளை உருட்டித்தான் போக முடிந்தது. எல்லோரும் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை.

அவள்தான் முன்னால் வந்தாள். ஒரு காலைத் தூக்கிக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். விரல்களுக்கிடையில் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு அடியில் தோல் வெளுத்துப் பிய்ந்திருந்தது.

"மனுசனுக்குக் குளம்பு இல்லன்னீங்களே சாமி. வந்து பாருங்க."

பியூன், "ஏய், மரியாதையாப் பேசு" என்றார்.

"மரியாதையாத்தான வெச்சிக்கினு இருக்கறன், கால? மூஞ்சிக்கு நேராவா நீட்டிட்டன்?"

பின்னால் இருந்த ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். பிறகு தெலுங்கில், "ஒத்து சாமி, ஒத்து" என்று இரண்டு கையையும் விரித்து ஆட்டினார், வேண்டாம் போ என்று.

ஊசி போடாவிட்டால் இன்னும் உயிர் போகும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மறுத்தால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை.

"போடுங்க" என்றாள். "ஜெயிலு மேட்டுலதான இருக்குது? ஓடைப் பள்ளத்துல ஒண்ணும் கட்டி வெக்கல இல்ல? நோவு எங்க ஒடம்புல இல்ல சாமி. இந்த எடத்துல இருக்குது. எடத்துக்குப் போடுங்க ஊசிய."

பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் ஹெல்த் ஆபீசரிடமிருந்து சீட்டு வந்தது. மறுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும், வழக்குத் தொடரலாம் என்று. பட்டியல் எழுதத் தாளை எடுத்தேன். முதல் பெயராக அவள் பெயரை எழுத வேண்டும். கணவன் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அங்கேயே பேனா நின்றுவிட்டது.

பட்டியலுக்குப் பதிலாக ஓர் அறிக்கை எழுதினேன். முந்தைய படிவத்தில் ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் பொய். தோல் ஷாப்பு இருப்பது அன்றைக்கே தெரியும்; எல்லைக்கு அந்தப்பக்கம் எனக்கு அதிகாரம் இல்லை என்று சாக்குச் சொல்லி விட்டுவிட்டேன். பள்ளம் குடியிருக்கத் தகாத இடம். மேட்டு நிலத்துக்குச் சொன்ன ஆட்சேபத்தை ஒரு வாய்க்கால் வெட்டித் தீர்த்துவிடலாம். காலனியை மேட்டுக்கு மாற்ற வேண்டும். இவ்வளவுதான். அதை அனுப்பும் முன் அவர்களிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று நினைக்கிறேன். நான் எவ்வளவு யோக்கியனாகிவிட்டேன் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

கிணற்றடியில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். ஒருவர் கிழவர்களுக்காகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தார். "பொய்" என்ற இடத்தில் அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்படியே சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

படித்து முடித்ததும் அவள் கேட்டாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஓடை இருக்குது. தோல் ஷாப்பு இருக்குது. நீங்ககூட இருக்கறீங்க. இதுல என் ஊட்டுக்காரர் எங்க?"

எதனால் இறந்தார் என்பதை நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முடியாததை அறிக்கையில் எழுதக் கூடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தோல் ஷாப்பு கண்ணுக்குத் தெரிஞ்சுது. அத எழுதல. இது தெரியல, அதனால எழுத மாட்டீங்க. எதத்தான் எழுதுவீங்க சாமி?"

கிணற்றுச் சுவரில் தாளை வைத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். நான் தகுந்தது என்று எழுதிக்கொடுத்த இடத்தில் குடியேறி, நான் மருந்து ஊற்றிய கிணற்றின் தண்ணீரைக் குடித்து வந்த, அந்தக் கிணற்றை வெட்டிய தொழிலாளி முதல் மழையிலேயே வயிற்றுப்போக்கில் இறந்தார். அதற்கு என் பொய்யும் காரணம் என்று நான் நம்புகிறேன். படித்துக்காட்டினேன். அவள் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"போடுங்க. இவங்களுக்கும் போடுங்க."

அன்று எல்லோருக்கும் ஊசி போட்டேன். பட்டியலுக்குப் பெயர் எதுவும் மிஞ்சவில்லை.

அறிக்கையோடு கிருஷ்ணகிரிக்குப் போனேன். பிரயாணிகள் பங்களாவில் முகாம் போட்டிருந்த ஹெல்த் ஆபீசர் கெட்டவர் அல்ல. ஓயாமல் சுற்றி ஊசி போட்டு நிறையப் பேரைக் காப்பாற்றியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க. யாருக்கு எங்க நிலம் குடுக்கறதுங்கறது ரெவின்யூ வேலை. நமக்கு ஊசி, பிளீச்சிங் பவுடர், டி.டி.டி."

"அப்படின்னா அந்தப் படிவம் எதுக்கு சார் நம்மகிட்ட வருது?"

"அது ஒரு சம்பிரதாயம்யா."

"அந்தச் சம்பிரதாயத்துலதான் சார் நான் பொய் எழுதினேன்."

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. இடம் சரியில்லைன்னு மேல அனுப்பறேன். இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சுடுங்க. இது உம்மை மட்டும் பிடிக்காது. படிவத்துல மேலொப்பம் போட்டவன் நான்."

"அடிக்க மாட்டேன் சார்."

"உம்ம வேலை போகும்."

"அந்த ஆள் உயிரே போயிடுச்சு சார்."

அன்று அவரிடம் சொன்னதையே இன்றும் சொல்கிறேன். நோய் வந்தபின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் சுகாதாரத் துறையின் வேலை என்றால், அந்தத் துறை எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். வீடு எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது, கழிவு எந்தப் பக்கம் போகும், கிணறு யாருக்குக் கீழே இருக்கிறது என்பதை முதல் கடப்பாரை விழும் முன்பே சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். சொல்லும் இடமும் எங்களுக்கு இருந்தது. அந்தப் படிவம்தான் அது. அதை மணியக்காரர் புரிந்துகொண்ட அளவுக்கு எங்கள் துறை புரிந்துகொள்ளவில்லை. இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் ஆகிவிட்டன. இன்றும் மனை போட்ட பிறகுதான் கொசு மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுகிறார்கள்.

அறிக்கை அந்த வரியோடுதான் மேலே போனது. எனக்குக் குற்றச்சாட்டு ஓலை வந்தது. வேலை போகவில்லை. அரூர்ப் பக்கம் தூக்கியடித்தார்கள். மறுபடி பங்குனி பிறந்தபோது, பண்ணையில் இருந்த ஒரு கால்நடை உதவியாளர் கார்டு எழுதினார். மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து பள்ளத்தைப் பார்த்தாராம். காலனிக்கு மேட்டு நிலத்தைக் கொடுக்க உத்தரவாகிவிட்டதாம். ஆனால் அவர்கள் இன்னும் குடியேறவில்லையாம்.

ஏன் என்று புரியவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மேட்டில் ஏறியபோது ஆட்டு வாடை வந்தது. மேய்ச்சல் புறம்போக்கின் நடுவில் மூங்கில் தட்டிகளை வளைத்து ஒரு பட்டி போட்டிருந்தார்கள். உள்ளே மந்தை. அவள் தட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை.

"இன்னிக்கு நாலாம் நாளு" என்றாள். "நாங்க குடி வர்றதுக்கு முந்தி ஆட்ட உட்டுப் பாக்கறோம். உள்ள போயி பாருங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைப் பிடித்துக் கொடுத்தார். முன்னங்காலைத் தூக்கி, குளம்பின் பிளவை விரலால் விரித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவள் காட்டிய ஆடுகளையெல்லாம் பார்த்தேன். வெயில் ஏறி முதுகு நனைந்தது. ஆட்டுக்காரர் எனக்காக இரக்கப்பட்டு, "போதும் விடும்மா, இன்ஸ்பெக்டரு ஆட்டு டாக்டரு ஆயிட்டாரு" என்றார். அவள் இன்னும் இரண்டு ஆடுகளைக் காட்டினாள்.

வெளியே வந்ததும், "எப்படி இருக்குது?" என்றாள்.

"நல்லா இருக்குது. ஒண்ணும் நொண்டல."

"எழுதுங்க."

"எனக்கு இப்ப இங்க அதிகாரம் இல்லம்மா. வேற ஊருக்கு மாத்திட்டாங்க. புது இன்ஸ்பெக்டர் வந்து எழுதுவார்."

"அந்தாண்ட அதிகாரம் இல்லன்னுதான அன்னிக்கும் எழுதல?"

பையில் வெள்ளைத்தாள் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தப் படிவத்தின் கேள்விகளை நினைவிலிருந்து வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். ஏழாவது கேள்விக்கு இப்படி எழுதினேன்: உண்டு. வடக்கே, ராஜ்ய எல்லைக்கு அந்தப்புறம் ஒரு தோல் ஷாப்பு. தூரம் இரண்டு பர்லாங்குக்கு மேல். இந்த நிலம் அதைவிட மேடு. அதன் கழிவு இங்கே ஏறாது. கிணற்றை மேட்டின் தென்சரிவில் வெட்ட வேண்டும். நான்கு நாள் ஆடுகளை அடைத்துப் பார்த்ததில் ஒன்றின் குளம்பும் கெடவில்லை. பதவி எதுவும் போடாமல் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒருமுறை படித்துக்காட்டினேன். தலையாட்டினாள். தாலுகா ஆபீசுக்கு நானே தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று தாளை மடித்தேன். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் சாமி. நானே நடந்து போயி குடுத்துக்கறன்."

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதற்குள் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டியைப் பிரிக்கச் சொல்லி ஆட்டுக்காரருக்குக் குரல் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.